மண்டிக்காரர் சேர்மன் ஆன கதை

எங்க மாமா ஒருத்தர் விருத்தாசலத்துல சின்னதா பீங்கான் பட்டறை வெச்சிருக்கார். கரண்டு பெட்டியில இருக்குமே பீஸ் கட்டை, அதுதான் அவர் சரக்கு. ஒரு தடவை வார்டு ஆளுங்க வந்து, "கவுன்சிலருக்கு நில்லுங்க, நாங்க பாத்துக்கறோம்"னு கூப்பிட்டாங்க. மாமா கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிட்டார். ஏன் மாமான்னு கேட்டேன். "யாவாரி பதவிக்கு வந்தா ஒண்ணு யாவாரம் கெடும், இல்லன்னா ஊர் கெடும்டா" என்றார்.

அன்னிக்கு எனக்குப் பதில் தெரியல. அப்புறம் ஒரு கல்யாணத்துக்கு ஈரோடு போனப்ப, பெரியார் அண்ணா நினைவகத்துக்குள்ள ஒரு மணி நேரம் சுத்தினேன். திரும்பி சேலம் வழியா ரயில்ல வரும்போது தோணிச்சு, மாமாவுக்குச் சொல்ல ஒரு ஆள் இருக்காரேன்னு.

பெரியார்னா நமக்கு தாடி, கைத்தடி, கறுப்புச் சட்டை. அதுக்கெல்லாம் முன்னாடி அவர் ஒரு மண்டிக்காரர், அப்புறம் ஒரு முனிசிபல் சேர்மன். அந்த ராமசாமி நாயக்கரைப் பத்தி மட்டும்தான் இந்தப் பதிவு. (சாதிப் பெயரை அவர் பின்னாளில் தூக்கிப் போட்டுட்டார். அந்தக் காலத்துல ஊர் அவரை அப்படித்தான் கூப்பிட்டது.)

அப்பா வெங்கட்ட நாயக்கர் கூலி வேலையில் ஆரம்பிச்சவர். வண்டி ஓட்டி, மளிகைக் கடை போட்டு, பிறகு பெரிய மண்டி முதலாளி ஆனார். 1879 செப்டம்பர் 17-ல் பிறந்த மகனுக்குப் படிப்பு ஏறல. பன்னிரண்டு வயசுல கடையில உட்கார வெச்சுட்டாங்க. மூட்டைக்கு விலாசம் எழுதுறது, சரக்கை ஏலம் விடுறது, இதுதான் வேலை. ஓய்வு நேரத்துல கடைக்கு வர்ற பண்டிதர்களை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்பது பொழுதுபோக்கு :-)

1904 வாக்கில் அப்பாவோட மனஸ்தாபம். கோவிச்சுக்கிட்டு காசிக்குப் போய்ட்டார். எங்க ஊருக்கே விருத்தகாசின்னு ஒரு பேர் உண்டு. ஆனா அசல் காசியில அவருக்குக் கிடைச்சது பட்டினிதான். சத்திரத்துச் சாப்பாடு பிராமணர்களுக்கு மட்டும்னு வெளியே தள்ளிட்டாங்க. பசி தாங்காம தெருவில விழுந்த எச்சில் இலையில சாப்பிட்டார். அந்தச் சத்திரத்தைக் கட்டினவர் பிராமணர் இல்லாத ஒரு வியாபாரி என்பதுதான் அவரை ரொம்ப உறுத்தியிருக்கு. பணம் போட்டவன் யாரு, பந்தியில உட்கார்றவன் யாருங்கற கணக்கு. மண்டிக்காரர் மனசுக்கு அந்தக் கணக்கு உதைக்காம இருக்குமா?

திரும்பி வந்ததும் அப்பா தொழிலை மகன் பேருக்கே மாத்திக் கொடுத்தார். மண்டி நல்லா நடந்தது. அப்ப ஈரோடு கோயமுத்தூர் ஜில்லாவில ஒரு சின்ன ஊர். 1901 கணக்குப்படி சுமார் 15 ஆயிரம் பேர்தான். ஊர்ல பிளேக் வந்தப்ப பணக்காரங்க ஊரைக் காலி பண்ணிட்டுப் போனாங்க. இவர் போகல. செத்தவங்களைத் தூக்க ஆள் இல்லாதப்ப தானே தோள்ல சுமந்திருக்கார். பதவி வர்றதுக்கு முன்னாலயே ஊர்ல பேர் வந்தது இப்படித்தான்.

அப்புறம் கௌரவ மாஜிஸ்திரேட், தேவஸ்தானக் கமிட்டின்னு வரிசையா பதவிகள். ஆமாங்க, கோயில் கமிட்டிதான்! கோயில் கணக்கையும் கறாரா பார்த்தார்னுதான் சொல்றாங்க. 1910-களின் கடைசியில ஈரோடு முனிசிபல் சேர்மன் ஆனார். அப்ப எல்லாருக்கும் ஓட்டு கிடையாது, வரி கட்டுற கொஞ்சம் பேருக்குத்தான். அதாவது அவரைத் தேர்ந்தெடுத்தவங்களே சொத்து, கடை வெச்சிருந்த ஆளுங்கதான். இதை மனசுல வெச்சுக்கிட்டு அடுத்த விஷயத்தைப் படிங்க.

சேர்மன் ஆனதும் அவர் கை வெச்சது கடைத்தெரு ஆக்கிரமிப்புல. தெருவை அடைச்சுக்கிட்டு நீட்டியிருந்ததை எல்லாம் எடுக்க வெச்சு ரோட்டை அகலமாக்கினார். அவரே வியாபாரி. பகைச்சுக்கிட்டது சக வியாபாரிகளை! இரண்டாவது, தண்ணி. காவிரி ஊரை ஒட்டி ஓடுது, ஆனா ஊருக்குள்ள குழாய்த் தண்ணி இல்ல. காவிரித் தண்ணியைக் குழாய்ல ஊருக்குள்ள கொண்டு வந்த திட்டம் அவர் பேர் சொல்ற வேலை. ஒரு சேர்மனுக்கு இதைவிட என்னங்க வேணும்?

அதே சமயம் பக்கத்துல சேலத்துக்குச் சேர்மன் யார் தெரியுமா? ராஜாஜி. 1917 முதல் 1919 வரை. ரெண்டு சேர்மன்களும் நண்பர்கள் ஆனாங்க. ராஜாஜியும் வரதராஜுலு நாயுடுவும் காங்கிரசுக்குக் கூப்பிட, 1919-ல் இவர் சேர்மன் பதவியை ராஜினாமா பண்ணினார். அது மட்டுமில்ல, கையில இருந்த கௌரவப் பதவிகள் அத்தனையும். மொத்தம் 29-னு கணக்கு சொல்வாங்க.

பதவி போச்சு, அடுத்து வியாபாரம். ஒத்துழையாமை இயக்கத்துல கோர்ட்டுக்குப் போகக் கூடாதுன்னு முடிவு. இவருக்கு வரவேண்டிய கடன் பத்திரம் சுமார் 50 ஆயிரம் ரூபாய்க்கு இருந்தது. வழக்கு போட்டாதான் வரும். சேலம் விஜயராகவாச்சாரியார், "என் பேருக்கு மாத்திக் கொடுங்க, நான் வசூல் பண்ணித் தர்றேன்"னு சொல்லியும், நான் போட்டா என்ன, நீங்க போட்டா என்ன, ரெண்டும் ஒண்ணுதானேன்னு மறுத்துட்டார். கதர் மூட்டையைத் தோள்ல போட்டு வித்தார். கள்ளுக்கு எதிரா தன் தோப்புல 500 தென்னைக்கு மேல வெட்டிச் சாய்ச்சார்.

அந்த ஆள்தான் பிற்காலத்துல கையெழுத்துக்குக் காசு, கூட நின்னு படம் எடுக்கக் காசுன்னு வாங்கி இயக்கத்துக்குச் சேர்த்தவர். கஞ்சன்னு சிரிச்சாங்க. எனக்கு அதுல முரண்பாடு தெரியல. தன் காசுன்னா விட்டுட்டார், பொதுக் காசுன்னா காலணாகூட விடல. அவ்வளவுதான்.

இதையெல்லாம் மாமாகிட்ட சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "கடைசியில அவரு யாவாரத்தையும் விட்டாரு, பதவியையும் விட்டாரு. அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றார்.

"பாதி சரி மாமா. யாவாரம் கெட்டுது. ஊர் கெடலையே, தண்ணி வந்துச்சே" என்றேன்.

மாமா ஒண்ணும் சொல்லல. சூளையைப் பார்க்கப் போய்ட்டார். அடுத்த தேர்தலுக்கு வார்டு ஆளுங்க மறுபடி வருவாங்க, பார்ப்போம்.

உங்க ஊர்ல குழாயோ ரோடோ கொண்டு வந்த பழைய சேர்மன் யாராச்சும் இருந்தா, பெரியவங்ககிட்ட கேட்டு எழுதி வைங்க. சிலை வைக்கிற ஆளுங்களுக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்காது.