இருட்டறை டைமரும் ஒளிமானியும்: பழுதும் சீரமைப்பும்

என்லார்ஜர் விளக்கைக் குறித்த நொடிகளுக்கு எரியவிட்டு அணைப்பது இருட்டறை டைமர். வெளிச்சத்தை அளந்து ஷட்டர் வேகத்தையும் அப்பர்ச்சரையும் சொல்வது ஒளிமானி. ஸ்டுடியோக்களில் லைட் மீட்டர் என்பார்கள். கோயம்புத்தூர் வட்டாரத்துக்கு இவை புதியவை அல்ல. 1930களில் சென்ட்ரல் ஸ்டுடியோஸ், அதன்பின் பக்ஷிராஜா என்று படப்பிடிப்பு நிலையங்கள் இங்கே இயங்கின. 1960இல் உதகையில் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் போட்டோ தாளும் தயாரித்தது. டிஜிட்டல் வந்ததும் இக்கருவிகள் பரணுக்குப் போயின. இப்போது மீண்டும் இறங்குபவை பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதானவை.

பிரிண்ட் ஒன்றுபோல் வரவில்லை என்றால் முதலில் டைமரைத் திறக்க வேண்டாம், கரண்டைப் பாருங்கள். குண்டு பல்பின் வெளிச்சம் மின்னழுத்தத்தைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். 230 வோல்ட் 207 ஆனால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும்; அது அரை ஸ்டாப். டைமர்மேல் சுமத்தப்படும் குற்றங்களில் பாதி ஸ்டெபிலைசர் இல்லாததால் வருபவை என்பது என் கணிப்பு.

கிராலேப் போன்ற அமெரிக்க டைமர்களில் சின்க்ரனஸ் மோட்டார் இருக்கும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால், டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் 60 நொடி 72 நொடியாகும். இது பழுது அல்ல, கணக்கு. மோட்டார் காயில் எரிந்துபோனால் சரவணம்பட்டி, கணபதி பக்கம் பம்பு மோட்டார் ரீவைண்டிங் செய்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் இந்தக் கம்பி மிக மெல்லியது, எல்லோரும் எடுக்க மாட்டார்கள். பல நேரம் காயில் நன்றாகவே இருக்கும். பல்சக்கரத்தில் எண்ணெய் இறுகியிருக்கும்.

எலக்ட்ரானிக் டைமரில் நேரத்தைத் தீர்மானிப்பது ரெசிஸ்டரும் கண்டென்சரும். எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் காய்ந்தால் நேரம் தாறுமாறாகும். கசிவு அதிகமானால் விளக்கு அணையாமலே நிற்கும். குமிழைத் திருப்பும்போது நேரம் துள்ளினால் பொட்டென்ஷியோமீட்டரில் அழுக்கு. விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் ரிலே முனை கருகியிருக்கும். தேய்ப்பதைவிட ரிலேயை மாற்றுவது மேல். பிளக்கைப் பிடுங்கியபின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

காட்மியம் சல்ஃபைடு மீட்டர்களின் தலைவலி பேட்டரி. பலவும் 1.35 வோல்ட் பாதரச பிஎக்ஸ் 625 செல்லை நம்பியவை. சுற்றுச்சூழல் கேடு கருதி அது சந்தையிலிருந்து போய்விட்டது. 1.5 வோல்ட் ஆல்கலைன் போட்டால் எளிய சர்க்யூட் உள்ளவற்றில் முள் மிகையாக ஏறும், படம் இருண்டுபோகும். காதுகேள் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் செல் 1.4 வோல்ட், மருந்துக்கடையிலும் கிடைக்கும். அகலம் குறைவு என்பதால் சுற்றி ஒரு வளையம் வேண்டும். ஸ்டிக்கரை உரித்தபின் சில வாரங்களே உழைக்கும். பேட்டரி அறையில் பூத்த உப்பை வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும்.

சரிபார்க்க நம்மூர் உச்சி வெயில் போதும். ஐஎஸ்ஓ 100, எஃப் 16 வைத்தால் மீட்டர் 1/125ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். எப்போதும் ஒரே அளவு பிசகினால் அதைத் துண்டுச் சீட்டில் எழுதி முதுகில் ஒட்டினால் தீர்ந்தது.

வெஸ்டன் மாஸ்டர் வகை செலினியம் மீட்டருக்குப் பேட்டரியே வேண்டாம். ஆனால் ஈரம் புகுந்து செல் செத்தால் உயிர்ப்பிக்க வழியில்லை. சிலிக்கான் செல்லைப் பொருத்தினால் டயலையே புதிதாக எழுத வேண்டிவரும். அப்படிப்பட்டதை உதிரிபாகத்துக்கு எடுத்து வைப்பதே லாபம்.