நான்கு அங்குலப் பை

கனடாவில் வாழும் நண்பர் ஒருவர் குறைபட்டுக்கொண்டார். 'ஒரு கேலன்' என்று வாங்கிய செடித்தொட்டியில் ஏறக்குறைய முக்கால் கேலன் மண்தான் கொள்கிறதாம். ஏமாற்று அல்ல, வட அமெரிக்க நாற்றுப்பண்ணைகளின் வணிக வழக்கு அது. எனக்கு உடனே நமுனுகுலச் சரிவுகளின் தேயிலைத் தவறணைகள் நினைவில் வந்தன. (யாழ்ப்பாணத்தார் சிரிக்க வேண்டாம். மலையகத்தில் தவறணை என்பது நாற்றுமேடை. கள்ளுக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

ஊவாவின் முதல் தேயிலைச் செடிகள் பை கண்டவை அல்ல. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைத்துரு நோய் வெளிப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பி வீழ்ந்து தேயிலை எழுந்தது. விதையைப் பாத்தியில் முளைக்கவைத்து, கன்றைப் பிடுங்கிக் குழியில் நட்டார்கள். செடிக்குச் செடி விளைச்சல் மாறுபட்டது. ஆனால் ஆணிவேர் ஆழ இறங்கியது.

1925இல் தோன்றிய தேயிலை ஆராய்ச்சி நிலையம், 1930களில் ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட தண்டுத் துண்டிலிருந்து கன்று உண்டாக்கும் முறையை ஆராயத் தொடங்கியது. 1950களின் இறுதியில் மறுநடுகை மானியம் வந்த பின் அது மலையெங்கும் பரவியது. தோட்டத்து மக்கள் வாயில் அது 'வீ.பி.' தேயிலை. அதற்கு ஆணிவேர் கிடையாது. ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றே ஊவாத் தேயிலைக்குப் புகழ்பெற்ற மணத்தைத் தருகிறது. இளங்கன்றை வாட்டுவதும் அதுவே. ஆகவே, கன்று தவறணையில் கழிக்கும் மாதங்களில் எவ்வளவு வேர் விடுகிறது என்பதே அதன் ஆயுள் கணக்கு.

இங்கேதான் பையின் அளவு வருகிறது. நான்கு அங்குலப் பொலித்தீன் பை என்றால், தட்டையாகப் பரப்பிய அகலம் அது. மண் நிரப்பினால் விட்டம் இரண்டரை அங்குலமே. ஐந்து அங்குலப் பையோ மூன்றேகால் அங்குலம் விரியும். உயரம் ஒன்றாக இருப்பின், மண் ஒன்றரை மடங்குக்கும் மேல். ஒரே அங்குலந்தான் வித்தியாசம்! கன்று தேறுவதற்குப் பெரிய பை நல்லது என்பதில் ஐயமில்லை.

சுமப்பவர் பக்கம் நின்றும் கணக்குப் போட வேண்டும். எட்டு அங்குல உயரமுள்ள சிறிய பையில் ஈரமண் ஏறக்குறைய 800 கிராம். பெரிய பையில் ஒன்றேகால் கிலோ. ஹெக்டேருக்குச் சுமார் 12,500 கன்றுகள். சிறிய பையானால் 10 டன் மண். பெரிய பையானால் 15 டன்னுக்கும் மேல். லொறி நிற்கும் இடத்திற்கு அப்பால், அத்தனையும் மனிதர் சுமந்தே மலையேற வேண்டும்.