டாங்கி வேகன் சோதனை

டாங்கி ஏற்றும் தட்டை வேகன்கள் இந்திய ரயில் பாதையில் ஓட அனுமதி பெறுமுன் கடக்க வேண்டிய பாதுகாப்பு, நிலைத்தன்மைச் சோதனைகள். இவற்றை நடத்துவது 1957இல் உருவாகி லக்னோவிலிருந்து இயங்கும் ரயில்வே ஆய்வு, வடிவமைப்பு, தர அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ.

சென்னைக்கு இதில் நேரடித் தொடர்பு உண்டு. சென்னையை அடுத்த ஆவடியிலுள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவான அர்ஜுன் டாங்கியின் எடை சுமார் 58.5 டன், அகலம் 3.86 மீட்டர். அகலப் பாதையில் வழக்கமாக அனுமதிக்கப்படும் அகலமோ 3.25 மீட்டர்தான். ஆகவே அது ‘அளவு மீறிய சரக்கு’. அது செல்லும்போது பிளாட்பார ஓரத்தோடும் பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே வரும் வண்டியோடும் உரசாத இடைவெளி கணக்கில் வரும். அர்ஜுனுக்கென்றே பி.எஃப்.ஏ.டி. என்ற வேகன் வகை உண்டு.

சோதனைகளில் மையமானது அலைவுச் சோதனை. வேகன் காலியாகவும் சுமையோடும், படிப்படியாக வேகம் கூட்டி, உத்தேச வேகத்தைவிட 10 சதவீதம் அதிகம் வரை ஓட்டப்படும். சக்கரத்தின் பக்கவாட்டு விசை செங்குத்துச் சுமையை மிஞ்சி, நொடியில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் நீடிக்கக் கூடாது; நீடித்தால் சக்கர விளிம்பு தண்டவாளத்தின் மேல் ஏறிவிடக்கூடும். சரக்கு வேகன்களின் அதிர்வுக் குறியீட்டுக்கு உச்சவரம்பு 4.5.

இந்தச் சோதனை டாங்கி வேகனுக்கு மட்டுமானதல்ல. ஆனால் டாங்கியில் சுமையே நகரக்கூடியது என்பதால் சங்கிலிக் கட்டு, ஆப்பு, பீரங்கிக் கோபுரப் பூட்டு ஆகியவையும் வேகனின் உறுதிக்கு நிகராக முக்கியம்.