தொப்புளைச் சுத்தி 14 ஊசி: ஒரு பயத்தின் வரலாறு

"நாய் கடிச்சா தொப்புளைச் சுத்தி 14 ஊசி." இதைக் கேக்காம நம்ம ஊர்ல வளர்ந்தவங்க கம்மி. எனக்குச் சொன்னது என் பாட்டி. அவங்க காலத்துல அது உண்மை. இன்னைக்கு இல்லை. நடுவுல என்ன நடந்தது?

1885 ஜூலை 6, பாரிஸ். வெறிநாய் கடிச்ச 9 வயசுப் பையன் ஜோசப் மைஸ்டரை லூயி பாஸ்டர்கிட்ட கூட்டிட்டு வர்றாங்க. ரேபிஸ் வந்து இறந்த முயலோட தண்டுவடத்தை உலர்த்தி, கிருமியோட வீரியத்தைக் குறைச்சு அவர் ஒரு மருந்து தயாரிச்சிருந்தார். 13 ஊசி. பையன் பிழைச்சான்.

கடிச்ச பிறகு தடுப்பூசி எப்படி வேலை செய்யும்? ரேபிஸ் வைரஸ் நரம்பு வழியா மெதுவாத்தான் மூளைக்குப் போகும். பெரும்பாலும் வாரக்கணக்கு, மாசக்கணக்கு ஆகும். அதுக்குள்ள உடம்புல எதிர்ப்பு சக்தி உருவாகணும். இது ஒரு ஓட்டப்பந்தயம்.

அடுத்த கட்டம் இந்தியாவில். இன்றைய இமாசலப் பிரதேசத்தில் இருக்கும் கசௌலியில், 1911-ல் டேவிட் செம்பிள் ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். ரேபிஸ் வந்த ஆட்டின் மூளையை எடுத்து, ஃபீனால் சேர்த்துக் கிருமியைக் கொன்ற மருந்து. 1907-ல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையமும் இதைத் தயாரிச்சது. விலை குறைவு, ஆனா வீரியமும் குறைவு. அதனால தினம் ஒண்ணா 14 ஊசி வரை போட வேண்டியிருந்தது. அவ்வளவு மருந்தை ஏத்த இடம் வேணுமே, அதான் வயிறு. இன்னொரு ஆபத்தும் இருந்தது. மருந்துல மூளைத் திசு கலந்திருந்ததால, சிலரோட உடம்பு தன் நரம்புகளையே தாக்கி, கை கால் செயலிழந்து போச்சு.

2004 கடைசியில் இந்தியா இந்த மருந்துத் தயாரிப்பை நிறுத்திடுச்சு. இப்போ ஆய்வகத்தில் செல்களில் வளர்த்த வைரஸைக் கொன்று தயாரிக்கிறாங்க. கையில்தான் ஊசி, 4 அல்லது 5 நாள் போனாப் போதும். ரத்தம் வர்ற மாதிரி கடிச்சிருந்தா, காயத்திலேயே இம்யூனோகுளோபுலினும் போடுவாங்க. அது ரெடிமேட் எதிர்ப்பு சக்தி. தடுப்பூசி வேலை செய்ய ஆரம்பிக்கிற வரைக்கும் காவல்.

மனுஷங்களுக்கு வர்ற ரேபிஸ்ல 99 சதவீதம் நாய் மூலமாத்தான். ஒரு ஊர்ல 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டா, நோய் பரவுற சங்கிலியே அறுந்துடும்.

பழைய ஊசி போய் 20 வருஷம் ஆகியும், பயம் மட்டும் போகலை. அந்தப் பயத்துல தள்ளிப்போடுற ஒவ்வொரு நாளும் வைரஸுக்கு லாபம். அறிகுறி வந்துட்டா, பிழைக்கிறது கிட்டத்தட்ட முடியாது. அதனால நாய் கடிச்சா சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணியில கழுவுங்க. அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஊசி கையிலதான்.