வாடகைக் குடியிருப்போரும் சட்ட உதவியும்

உரிமையொன்றைச் சட்டத்தில் எழுதுவது வேறு. அவ்வுரிமையை நீதிமன்றத்தில் நிலைநாட்ட வறியோருக்கு வழிசெய்வது வேறு. இலங்கையின் வாடகைச் சட்ட வரலாற்றில் இவ்விரண்டிற்குமிடையே 36 ஆண்டுகள் கழிந்தன.

வாடகையைக் கட்டுப்படுத்தும் கட்டளைச் சட்டம் போர்க்காலமாகிய 1942 இல் பிறந்தது. மலைகளுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிய கண்டி நகரில் வீடமைக்கத்தக்க சமநிலம் அன்றும் அரிதாகவே இருந்தது. 1944 இல் மவுண்ட்பேற்றன் பிரபுவின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் பேராதனையில் அமைந்தபோது இடத்தேவை மேலும் பெருகியது. அக்கட்டளைச் சட்டத்தின் வழிவந்தனவே 1948 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டமும் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டமுமாம்.

இறுதியாகக் கூறிய சட்டம், தான் பொருந்தும் இல்லங்களில், குறித்த காரணங்களாலன்றிக் குடியிருப்போரை வெளியேற்றலாகாது என விதித்தது. வாடகை நிலுவையைக் காரணங்காட்டி அறிவித்தல் கொடுக்கப்பட்டாலும், அதன் தவணை முடியுமுன் நிலுவை முழுவதையும் செலுத்த முன்வருபவருக்கு அது பாதுகாப்பளித்தது. ஆயின், இதனை உரிய காலத்தில் அறியாதவர் வழக்கையும் வீட்டையும் ஒருங்கே இழக்க நேரிடும். கண்டி நீதிமன்றங்களில் நடவடிக்கைகள் சிங்களத்தில் நிகழ்வதால், அம்மொழி அறியாத தமிழருக்கு இவ்விடர் இருமடங்காகின்றது. வீட்டுச் சொந்தக்காரர் சட்டத்தரணியுடன் வர, குடியிருப்பவர் தனித்து நின்றால், சட்டத்தின் சமத்துவம் ஏட்டளவில் நின்றுவிடும் எனலாம்.

இக்குறையை நீக்கும் முயற்சியாக 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்ட உதவிச் சட்டம் அமைந்தது. அதனால் தோன்றிய சட்ட உதவி ஆணைக்குழு, பாராளுமன்றம் ஒதுக்கும் நிதியைப் பெற்று, வருவாய் குறைந்தோருக்கு ஆலோசனையும் நீதிமன்றத் துணையும் வழங்குகின்றது. கண்டியிலும் அதற்கு நிலையமொன்று உண்டு.

இங்கிலாந்து 1949 இலேயே அரசாங்கச் செலவிலான சட்ட உதவிக்குச் சட்டமியற்றியது. 2017 இல் நியூயோர்க் நகரம் ஒருபடி முன்சென்று, வெளியேற்ற வழக்கை எதிர்நோக்கும் வறியோருக்குச் சட்டத்தரணியைப் பெறுவதையே உரிமையாக்கியது. இலங்கையிலோ குடியிருப்போருக்கென அத்தகைய தனியுரிமை வகுக்கப்படவில்லை. அவர்கள் பெறும் உதவி, பராமரிப்பு வழக்கு முதலாகப் பலவகை வழக்குகளுக்கும் பொதுவான ஒரு நிதியிலிருந்தே வருகின்றது.

ஆகவே, வரவுசெலவுத் திட்டத்தில் சட்ட உதவிக்கு ஒதுக்கப்படும் தொகையைத் தருமமெனக் கருதுதல் பொருந்தாது. வாடகைச் சட்டம் 1942 முதல் அளித்துவந்த வாக்குறுதியை நிறைவேற்றும் செலவே அது.