உத்தரவாதமே சந்தை: இந்தியத் தேசியப் பங்குச் சந்தையின் இயக்கம் பற்றிய ஓர் ஆய்வு

இந்தியத் தேசியப் பங்குச் சந்தையின் வெற்றிக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் தொழில்நுட்பம். 1994 நவம்பரில் பங்கு வணிகத்தைத் தொடங்கிய இச்சந்தை, 1875 முதல் இயங்கிவந்த மும்பைப் பங்குச் சந்தையை ஏறத்தாழ ஓராண்டுக்குள் வணிக அளவில் முந்தியது. கணினித் திரையும் செயற்கைக்கோள் இணைப்புமே அதைச் சாதித்தன என்பர். முந்தியதற்கு இந்த விளக்கம் பொருந்தும், நிலைபெற்றதற்குப் பொருந்தாது. முன்பின் அறியாத இருவர் செய்துகொள்ளும் வணிகத்தில் ஒருவர் சொல் தவறினால் இழப்பை யார் ஏற்பது என்ற கேள்விக்கு நிறுவன வடிவில் கிடைத்த விடையே தேசியச் சந்தையின் அடித்தளம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1. அமைப்பின் தோற்றம்

பெர்வானி குழு 1991இல் அளித்த பரிந்துரையின் வழியே இச்சந்தை உருவானது. 1992இல் வெளிப்பட்ட, தரகர் ஹர்ஷத் மேத்தாவின் பங்குச் சந்தை ஊழல், தரகர்களே தம்மைக் கண்காணித்துக்கொள்ளும் முறையின் பலவீனத்தை நாடறியச் செய்திருந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஐடிபிஐ உள்ளிட்ட நிதி நிறுவனங்களின் முதலீட்டில் இச்சந்தை நிறுவப்பட்டது. 1993இல் அரசின் அங்கீகாரம் பெற்றது. பழைய சந்தைகளில் உரிமையாளர்களும் நிர்வாகிகளும் வணிகம் செய்தவர்களும் தரகர்களே. இங்கு அம்மூன்றும் தொடக்கத்திலேயே தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. தவறிழைக்கும் தரகரைத் தண்டிக்க வேண்டியவர் அவருடைய சக தரகராக இருக்கக்கூடாது என்பதே இப்பிரிவினையின் உட்பொருள்.

2. விலை எப்படி அமைகிறது

காலை 9.15 முதல் மாலை 3.30 வரை வழக்கமான வணிக நேரம். அதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் ஆர்டர்கள் திரட்டப்பட்டுத் தொடக்க விலை கண்டறியப்படுகிறது. பின்னர் ஒவ்வோர் ஆர்டருக்கும் விதி ஒன்றே: நல்ல விலைக்கு முதலிடம், விலை சமமானால் முன்னதாக வந்ததற்கு முதலிடம். திருநெல்வேலியில் நூறு பங்குகள் வாங்குபவருக்கு, விற்பவர் குவாஹாட்டியில் இருக்கிறாரா சூரத்தில் இருக்கிறாரா என்பது தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. சந்தைக் கூடத்தில் கூவி வணிகம் செய்த காலத்தில் எதிரே நிற்பவரின் முகமும் நாணயமும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. திரை அந்த முகத்தை மறைத்தது. அதனாலேயே நாணயத்துக்கு வேறு ஆதாரம் தேவைப்பட்டது.

3. நாணயத்தின் புதிய இடம்

அந்த ஆதாரம் 1996இல் செயல்படத் தொடங்கிய தீர்வகம். வணிக வழக்கில் கிளியரிங் கார்ப்பரேஷன். ஓர் ஒப்பந்தம் உருவானதும் தீர்வகம் இடையில் நுழைகிறது. வாங்கியவருக்கு அதுவே விற்றவர். விற்றவருக்கு அதுவே வாங்கியவர். ஒரு தரப்பு தவறினாலும் மறுதரப்பின் உரிமை சிதையாது. விற்றவர் பங்கைத் தராவிட்டால் ஏலத்தின் வழியே வாங்கித் தரப்படும். ஏலத்திலும் கிடைக்காவிட்டால் பணமாக ஈடுசெய்யப்படும்.

இந்த வாக்குறுதிக்குப் பின்னால் கடுமையான கணக்கு இருக்கிறது. விலை ஏற்ற இறக்கத்தை அளந்து மார்ஜின் எனும் பிணைத்தொகை தரகர்களிடம் முன்கூட்டியே வசூலிக்கப்படுகிறது. தரகர் ஒருவர் நொடித்துப்போனால் முதலில் அவருடைய பணமே எடுக்கப்படும். பிறகுதான் தீர்வகத்தின் சொந்தப் பணமும் உத்தரவாத நிதியும். அந்நிதியில் குறைந்தது பாதியைத் தீர்வகமும் குறைந்தது கால் பங்கைச் சந்தையும் தர வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2014இல் விதித்தது. வைப்பகச் சட்டமும், பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் டிமேட் கணக்குகளும் 1996இல் வந்தபின், போலிப் பத்திரம், கையெழுத்து வேறுபாடு என்ற பழைய இடர்கள் மெல்ல நீங்கின. கணக்குத் தீர்க்கும் காலமும் சுருங்கியது: 2003இல் வணிக நாளிலிருந்து இரண்டு நாள், 2023 ஜனவரி முதல் எல்லாப் பங்குகளுக்கும் ஒரே நாள். காலம் குறையக் குறைய, தவறு நேரக்கூடிய இடைவெளியும் குறைகிறது.

4. மறுப்பும் சான்றும்

வணிகம் மிகுந்த இடத்தையே மேலும் வணிகம் நாடும். அந்த ஈர்ப்பே போதுமான விளக்கம் அல்லவா என்று கேட்கலாம். கொல்கத்தா பங்குச் சந்தையின் வரலாறு இதற்கு விடை தருகிறது. அங்கு 1997இலேயே கணினித் திரை வந்துவிட்டது. வணிகமும் கணிசமாக நடந்தது. 2001 மார்ச்சில் தரகர்கள் சிலர் பணம் செலுத்தத் தவறியபோது ஏற்பட்ட நெருக்கடியிலிருந்து அச்சந்தை மீளவே இல்லை. திரை இருந்தது, வணிகமும் இருந்தது. மார்ஜின் கட்டுப்பாடு தளர்ந்திருந்தது. மும்பைச் சந்தையும் 1995இல் திரைக்கு மாறியது. ஆயினும் 1997இல் தனக்கென ஓர் உத்தரவாத நிதியை நிறுவ வேண்டியிருந்தது.

இரண்டாவது சான்று தேசியச் சந்தைக்குள்ளேயே கிடைக்கிறது. 2021 பிப்ரவரி 24 அன்று முற்பகல் 11.40க்கு வணிகம் நின்றது, மாலை 3.45க்குத்தான் மீண்டும் தொடங்கியது. தொலைத்தொடர்பு இணைப்புகளில் நேர்ந்த கோளாற்றால் தீர்வகத்தின் இடர் மேலாண்மை அமைப்பு செயலிழந்ததே காரணம் என்று சந்தை விளக்கியது. மார்ஜினைக் கண்காணிக்க முடியாத நிலையில் வணிகம் நடத்த முடியாது. எனவே நாடு முழுவதும் திரைகள் நின்றன. உத்தரவாதம் இல்லாத இடத்தில் சந்தையும் இல்லை என்பதை அந்த நான்கு மணி நேரம் மெய்ப்பித்தது.

5. எல்லைகளும் விலையும்

இந்த உத்தரவாதம் ஒப்பந்தம் நிறைவேறுவதற்கானது, இலாபத்துக்கானது அன்று. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்கு முன்பேர வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் இழப்பையே கண்டதாகச் செபியின் ஆய்வு கூறுகிறது. அவர்களின் ஒப்பந்தங்கள் யாவும் குறையின்றித் தீர்க்கப்பட்டன; இழப்பும் குறையின்றி வந்து சேர்ந்தது.

அடுத்தது, இடர் குவிதல். 1937இல் நிறுவப்பட்ட சென்னைப் பங்குச் சந்தை 2015இல் விடைபெற்றது. பிற வட்டாரச் சந்தைகளும் அவ்வாறே மறைந்தன. முன்பு பல ஊர்களில் சிதறிக் கிடந்த நாணயப் பொறுப்பு இன்று ஒருசில தீர்வகங்களின் கையில் இருக்கிறது. தேசியச் சந்தையின் தீர்வகமோ அச்சந்தையின் துணை நிறுவனம். வணிகம் பெருகினால் சந்தைக்குக் கட்டண வருவாய். இடரைக் கட்டுப்படுத்த வணிகத்தை இறுக்குவது தீர்வகத்தின் கடமை. இவ்விரண்டு நோக்கங்களும் எப்போதும் ஒத்துப்போகும் என்று நம்புவதற்கு ஆதாரம் இல்லை.

தரகரின் நலனையும் சந்தையின் நிர்வாகத்தையும் பிரித்ததே 1992இன் சீர்திருத்தம். அதே தருக்கத்தின் அடுத்த படி, சந்தையின் இலாபத்தையும் தீர்வகத்தின் உத்தரவாதத்தையும் பிரிப்பது. பங்குச் சந்தைச் சீர்திருத்தத்தை வேகத்தாலும் வணிக அளவாலும் மதிப்பிடும் வழக்கத்தை விட்டு, தீர்வகத்தின் தன்னாட்சியை முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.