மீன் தொட்டியும் வெயிலும்: லண்டன் கற்ற பாடம்

வகுப்பறையில் மீன் தொட்டி வைக்கணும்னா நாம முதலில் தேடுவது சன்னலோரத்தைத்தான். வெளிச்சம் பட்டால் செடி வளரும் என்று நினைக்கிறோம். பிற்பகலில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். "பசிக்குது போல, டீச்சர்" என்று மாணவர்கள் உணவைத் தூவுவார்கள். பசி இல்லை, மூச்சுத் திணறல். இதே தவற்றை லண்டன் மக்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே செய்தார்கள்.

1850இல் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் தம் ஆய்வை வெளியிட்டார். ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீன்கள், வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடி, சில நத்தைகள். செடி உயிர்வளி தந்தது. அழுகிய இலைகளை நத்தைகள் தின்றன. தண்ணீரை மாற்றாமலே மீன்கள் வாழ்ந்தன. 1853இல் லண்டன் விலங்குத் தோட்டத்தில் மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் 'தி அக்வேரியம்' என்ற நூலை எழுதினார். வீடுகளிலும் மீன் தொட்டி மோகம் பரவியது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. காட்சியகம் இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டப்பட்டது. வீட்டுத் தொட்டிகளோ சன்னலோரம் நின்றன. கோடையில் தண்ணீர் சூடேறியது, பாசி படர்ந்தது. 20 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும். 30 பாகையில் சுமார் 7.5தான். சூடு ஏற ஏற மீனின் தேவையோ கூடும். வரவு குறைந்து செலவு ஏறினால் குடும்பம் என்னாகும்? அதே கதைதான்.

தீர்வுகள் இரண்டு பிறந்தன. வாரிங்டன் தொட்டியின் பின்புறத்தைச் சரிவாக்கி, ஒளி மேலிருந்து மட்டும் விழச் செய்தார். மீன் தொட்டிக் கடை நடத்திய வில்லியம் ஆல்ஃபோர்டு லாயிட், 1871இல் திறக்கப்பட்ட கிறிஸ்டல் பேலஸ் காட்சியகத்தில், காட்சித் தொட்டிகளைவிடப் பெரிய இருண்ட நீர்த்தேக்கத்தைக் கீழே அமைத்தார். அங்குள்ள குளிர்ந்த நீர் இயந்திரத்தால் ஓயாமல் சுழன்றது. நிறைய நீர் எளிதில் சூடாகாது அல்லவா?

நம் ஊர் வெயிலுக்கும் இவை பொருந்தும். தொட்டியைச் சன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். விளக்கு எரியும் நேரத்தைக் குறையுங்கள். சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பை நோக்கித் திருப்பினால், ஆவியாகும் ஒவ்வொரு கிராம் நீரும் சுமார் 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். குறையும் நீரைக் குளோரின் நீக்கிய நீரால் நிரப்புங்கள். ஐஸ் கட்டியைக் கொட்ட வேண்டாம்; திடீர் மாற்றம் மீனைக் கொன்றுவிடும்.

மாணவர்களே, வரலாற்றுக் கட்டுரையில் ஆண்டுகளை மட்டும் அடுக்கினால் போதாது. சிக்கல், காரணம், தீர்வு என்று தொடர்புபடுத்தி எழுதுங்கள். உங்கள் வகுப்பு மீன் தொட்டியே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.